ஒரு எழுத்து மாறினால்... (ஆடு, மான், மூளை நோய்: ஒரு மரபியல் பாடம்)



இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பாடத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்புச்சி மூலனூர் பக்கம் கொறங்காட்டில் செம்மறி ஆடு வைத்திருக்கிறார். முப்பது உருப்படி இருக்கும். என் அக்காவின் காலேஜ் பீஸ் அந்தப் பட்டியிலிருந்துதான் வருகிறது. அரையாண்டு லீவில் அங்கே போயிருந்தபோது ஒரு ஆடு கிளுவை வேலியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். விலாப்பக்கம் முடி கொட்டித் தோல் தெரிந்தது. நம் பள்ளி நூலகத்தில் படித்த ஒரு நோய் ஞாபகம் வந்தது. அதன் பெயர் ஸ்கிரேபி. ஆடு உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், மூளை கெட்டுப்போகும், மருந்தே கிடையாது என்று அதில் போட்டிருந்தது.

லீவு முடிந்து வந்ததும் வகுப்பில், "எங்க ஆட்டுக்கு ஸ்கிரேபிடா, மூளை நோவு" என்று பெரிய விஞ்ஞானி மாதிரி சொன்னேன். கேட்ட நண்பனின் மாமா ஆட்டு வியாபாரி. அடுத்த வாரம் அப்புச்சி ஏழு ஆடுகளை டெம்போவில் ஏற்றிக் கன்னிவாடிச் சந்தைக்குப் போனார். "உங்க பட்டியில மூளை நோவாமுல்லங்க?" என்று கேட்டு ஒருத்தரும் நல்ல விலைக்குக் கேட்கவில்லை. ஏழு ஆடும் அதே டெம்போவில் திரும்பி வந்தன. போக வர வாடகை வேறு.

பிறகு கால்நடை டாக்டர் வந்து தோலைச் சுரண்டிப் பார்த்தார். சொறிப்பூச்சி! அவ்வளவுதான். ஊசி போட்டார், பட்டியைச் சுத்தம் செய்யச் சொன்னார். மூன்று வாரத்தில் ஆடு பழையபடி ஆகிவிட்டது.

"அப்புச்சி, தப்புப் பண்ணிட்டனுங்க" என்றேன். அவர் திட்டவில்லை. "நோவுக்குப் பேரு வெக்கறது டாக்டரு வேலை கண்ணு. அவசரப்பட்டு நீ வெச்சுட்டே. செரி போ, அது என்ன நோவுன்னு முழுசாப் படி" என்றார். அதனால்தான் முழுசாகப் படித்தேன். உயிரியல் ஆசிரியர் உதவியோடு புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

1. கிருமியே இல்லாத தொற்றுநோய்

ஸ்கிரேபி ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த நோய். நம் நாட்டிலும் ஒரு பதிவு இருக்கிறது. இமயமலை அடிவாரத்து ஆடுகளில் இந்த நோய் இருந்ததை ஸ்லாட்னிக், கட்டியார் என்ற இரு ஆய்வாளர்கள் 1961-ல் அறிவித்தார்கள். ஆகவே இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை எல்லாவற்றிலும் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இருக்கும். இந்த நோயைப் பரப்பும் பொருளில் அப்படி எதுவும் இல்லை. அது வெறும் புரதம். 1982-ல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினர் இதற்குப் 'பிரியான்' என்று பெயர் வைத்தார். அப்போது நிறையப் பேர் நம்பவில்லை. 1997-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிரியான் புரதம் நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. ஆட்டிலும் மானிலும் மாட்டிலும் இருக்கிறது. நல்ல நிலையில் அதன் ஒரு பகுதி ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். அதுவே தகடு தகடாகத் தப்பாக மடிந்துவிட்டால் நோய்ப் புரதம் ஆகிவிடுகிறது. அமினோ அமிலங்கள் அதேதான், மடிப்பு மட்டும் வேறு.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். பக்கத்து டேபிளில் அயர்ன் செய்து மடிப்பார்கள். தப்பாக மடித்த ஒரு பனியன், தன்னைத் தொடுகிற நல்ல பனியனையும் தன்னைப் போலவே மடித்துவிடுகிறது என்று கற்பனை செய்யுங்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், சாயங்காலம் ஷிப்ட் முடிவதற்குள் டேபிள் முழுக்க அதே மடிப்பு. மூளையில் நடப்பது இதுதான். நரம்பு செல்கள் செத்து, மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிறது.

இந்த மடிப்பு கொதிக்க வைத்தாலும் கலையாது. மண்ணில் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு பல வருடம் கிடக்கும். ஐஸ்லாந்தில் ஒரு பண்ணையில் நோய் வந்த ஆடுகளை அப்புறப்படுத்தி, குறைந்தது 16 ஆண்டுகள் கழித்தும் அதே இடத்திலிருந்து நோய் திரும்ப வந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

2. ஜீன் எங்கே வருகிறது?

ஒரே பட்டியில், ஒரே புல்லைத் தின்கிற ஆடுகளில் சிலவற்றுக்கு ஸ்கிரேபி வருகிறது, சிலவற்றுக்கு வருவதில்லை. ஏன்? இதற்கு விடை, பிரியான் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஜீனில் இருக்கிறது. அதன் பெயர் பி.ஆர்.என்.பி.

டி.என்.ஏ.வில் மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அந்த மூன்றெழுத்துக்குப் பெயர் கோடான். ஆட்டின் பிரியான் புரதம் 256 அமினோ அமிலங்களாகத் தொடங்குகிறது. அதில் 136, 154, 171 ஆகிய மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

136-ஆம் இடம்: அலனின் அல்லது வேலின்
154-ஆம் இடம்: ஆர்ஜினின் அல்லது ஹிஸ்டிடின்
171-ஆம் இடம்: ஆர்ஜினின் அல்லது குளுட்டமின்

இந்த மூன்றின் ஓரெழுத்துக் குறியீடுகளைச் சேர்த்துப் பெயர் வைக்கிறார்கள். அலனின், ஆர்ஜினின், ஆர்ஜினின் இருந்தால் 'ஏ.ஆர்.ஆர்.' இது வழக்கமான ஸ்கிரேபியை நன்றாக எதிர்க்கும். வேலின், ஆர்ஜினின், குளுட்டமின் இருந்தால் 'வி.ஆர்.க்யூ.' இதற்கு நோய் சுலபமாக வரும். நடுவில் இருப்பது 'ஏ.ஆர்.க்யூ.'

256-ல் ஒன்றிரண்டு மாறினால் இத்தனை வித்தியாசமா என்று நானும் கேட்டேன். மறுபடியும் பனியன் கம்பெனிக்கே போவோம். கட்டிங் மாஸ்டர் பேட்டர்ன் அட்டையில் ஒரு இடத்தை மாற்றி வெட்டினால், ஆயிரம் பீஸும் அந்த மாற்றத்தோடுதான் வரும். தப்பான மடிப்பு பழைய அளவுக்குப் பொருந்தும், புது அளவுக்குச் சரியாகப் பொருந்தாது. அதனால் மடிப்பு பரவுவது தடைப்படுகிறது அல்லது மெதுவாகிறது. ஜீன் செய்கிற வேலை இவ்வளவுதான். அது நோயை உண்டாக்கவில்லை. உள்ளே வந்த நோய் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

புரதமே இல்லாவிட்டால்? நார்வே நாட்டு வெள்ளாடுகள் சிலவற்றில் இந்த ஜீனின் 32-ஆம் கோடானில் 'நிறுத்து' என்ற குறி வந்துவிட்டது. இரண்டு பிரதியிலும் அந்தக் குறி உள்ள ஆடுகளுக்குப் பிரியான் புரதமே உருவாவதில்லை. 2012-ல் இதை வெளியிட்டார்கள். அந்த ஆடுகள் சாதாரணமாகவே நடமாடின. துணியே இல்லை என்றால் தப்பாக மடிக்க எதுவும் இல்லை பாருங்கள்!

3. காட்டு மான்களின் கதை

அசைபோடும் காட்டு விலங்குகளுக்கும் இப்படி ஒரு நோய் உண்டு. மான் மெலிந்துகொண்டே போகும், எச்சில் ஒழுகும், தலை தொங்கும், கடைசியில் சாகும். 'நாள்பட்ட மெலிவு நோய்' என்று சொல்லலாம். 1967-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு ஆய்வு மையத்தில் அடைத்து வளர்த்த மியூல் மான்களில் முதலில் கவனித்தார்கள். அங்கே வேலை பார்த்த எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை மருத்துவ விஞ்ஞானி, இது ஸ்கிரேபி வகையைச் சேர்ந்த மூளை நோய் என்பதை 1970-களின் கடைசியில் கண்டுபிடித்தார். 1981-ல் காட்டில் திரியும் எல்க் மானிலும் அது தெரிந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. கனடா, தென்கொரியா, நார்வே, பின்லாந்து, ஸ்வீடன் நாடுகளிலும் கண்டுபிடித்துவிட்டார்கள். தென்கொரியாவுக்குக் கனடாவிலிருந்து வாங்கி வந்த எல்க் மான்களோடு போனது.

மான்களிலும் ஜீன் வித்தியாசம் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெள்ளைவால் மான்: 96-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின் இருந்தால் நோய் தொற்றுவது குறைவு, தொற்றினாலும் மெதுவாக வளரும்.
மியூல் மான்: 225-ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் பினைல் அலனின் இருந்தால் நோய் குறைவு.
எல்க் மான்: 132-ஆம் இடத்தில் மெத்தியோனின் அல்லது லூசின். சோதனையில், இரண்டு பிரதியும் மெத்தியோனின் என்றால் சுமார் 2 ஆண்டில் நோய் வெளியே தெரிந்தது. இரண்டு பிரதியும் லூசின் என்றால் சுமார் 5 ஆண்டு ஆனது.

எல்க் மானின் 132-ஆம் இடம்தான் மனிதப் புரதத்தில் 129-ஆம் இடம். பிரிட்டனில் மாடுகளுக்கு வந்த பைத்திய மாட்டு நோய் மனிதர்களுக்கும் தொற்றியது 1996-ல் தெரியவந்தது. அங்கே 178 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் 129-ல் இரண்டு பிரதியும் மெத்தியோனின்தான். மானின் மெலிவு நோய் மனிதருக்கு வந்ததாக இதுவரை நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானைத் தின்ன வேண்டாம் என்றுதான் அங்கே எச்சரிக்கிறார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். மெதுவாக நோய் வரும் மான்தான் நல்ல மானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நோயை உள்ளே வைத்துக்கொண்டு ரொம்ப நாள் உயிரோடு இருக்கும் மான், தன் எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் ரொம்ப நாள் பிரியானை வெளியே விடக்கூடும். அந்த மானுக்கு லாபமாக இருப்பது கூட்டத்துக்கு நஷ்டமாக முடியலாம்.

4. பட்டியில் முடியும், காட்டில் முடியாது

மெண்டல் கட்டம் போடத் தெரியும்தானே? ஏ.ஆர்.ஆர். ஒன்று, ஏ.ஆர்.க்யூ. ஒன்று என்று கலந்துள்ள கிடாயையும் அதே மாதிரிக் கலந்துள்ள பெட்டையையும் சேர்த்தால், சராசரியாக நான்கு குட்டிக்கு ஒன்று இரண்டு பிரதியும் ஏ.ஆர்.ஆர். ஆக இருக்கும். இரண்டு கலப்பு. ஒன்றில் ஏ.ஆர்.ஆர். இருக்காது. இரண்டு பிரதியும் ஏ.ஆர்.ஆர். உள்ள கிடாயை விட்டால், பிறக்கிற எல்லாக் குட்டிக்கும் ஒரு பிரதியாவது கிடைத்துவிடும். பிரிட்டன் 2001-ல் இப்படித்தான் கிடாய்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து தேர்ந்தெடுக்கத் தொடங்கியது.

ஐஸ்லாந்தில் நோய் வந்த மந்தையை மொத்தமாக அழிப்பதே பல காலம் வழியாக இருந்தது. அந்த ஊர் ஆட்டு இனத்தில் ஏ.ஆர்.ஆர். இல்லவே இல்லை என்று நினைத்திருந்தார்கள். விடாமல் தேடியதில் 2022-ல் ஒரு பண்ணையில் சில ஆடுகளில் மட்டும் அது கிடைத்தது. அந்தச் சில ஆடுகளை வைத்து இப்போது இனப்பெருக்கம் செய்கிறார்கள். ஒருவேளை அந்த ஆடுகள் முந்தின வருடமே கறிக்குப் போயிருந்தால்?

காட்டில் இந்த வேலை நடக்காது. எந்த ஆண்மான் எந்தப் பெண்மானோடு சேர வேண்டும் என்று யார் போய்ச் சொல்வது? நோய் வெளியே தெரிய ஒன்றரை, இரண்டு வருடம் ஆவதால், அதற்குள் மான் குட்டியும் போட்டுவிடுகிறது. இயற்கைத் தேர்வு நடக்கத்தான் செய்யும், ஆனால் மெதுவாக நடக்கும். 2016-ல் நார்வேயில் ரெயின்டீர் என்னும் துருவ மானில் இந்த நோய் தெரிந்தது. மற்ற மந்தைகளைக் காப்பாற்ற, நோர்ட்ஃபியெல்லா என்ற மலைப்பகுதியின் ஒரு மண்டலத்தில் இருந்த மந்தை முழுவதையும், 2,000-க்கும் மேற்பட்ட மான்களை, சுட்டுவிட்டார்கள். அவற்றில் நோய் உறுதியானது மொத்தம் 19 மான்களுக்குத்தான். படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் மண்ணில் ஊறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாதே என்று யோசித்தால் அவர்கள் பயமும் புரிகிறது.

5. நம்ம ஊருக்கு என்ன?

உடுமலை, அமராவதி வனச்சரகங்களில் புள்ளிமான், கடமான், காட்டுமாடு எல்லாம் இருக்கின்றன. கடமானும் புள்ளிமானும் எல்க் மானின் நெருங்கிய சொந்தம். காட்டுமாடு நம் மாட்டுக்குச் சொந்தம். இந்தியாவில் மான்களுக்கு மெலிவு நோய் பதிவாகவில்லை. பைத்திய மாட்டு நோயும் பதிவாகவில்லை. அந்த நோய்க்கான அபாயம் மிகக் குறைவாக உள்ள நாடுகளின் பட்டியலில் உலக விலங்கு நல அமைப்பு இந்தியாவைச் சேர்த்திருக்கிறது.

பிரிட்டனில் மாட்டு நோய் பரவியதற்குக் காரணம், செத்த மாடு, ஆடுகளின் இறைச்சி, எலும்பை அரைத்துத் திரும்ப மாட்டுக்கே தீவனமாகப் போட்டதுதான். நம் பக்கம் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, சோளத்தட்டு. புல் தின்கிற ஜீவனுக்கு எலும்புத்தூள் எதற்கு? தீவன மூட்டை வாங்கும்போது அதில் என்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கால்நடை கொண்டுவர சட்டத்தில் கட்டுப்பாடு இருப்பதும் இதற்காகத்தான்; அந்தச் சட்டம் 1898-லேயே வந்தது. தென்கொரியாவுக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அப்புச்சி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொலிகிடாயை மாற்றிவிடுவார். "ஒரே கிடாயையே உட்டுட்டிருந்தா பட்டி நோஞ்சானாப் போயிரும் கண்ணு" என்பார். அவருக்கு பி.ஆர்.என்.பி. தெரியாது. ஆனால் எல்லா ஆடும் ஒரே மாதிரி ஆகிவிடக் கூடாது என்பது தெரியும். விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. 1998-ல் நார்வேயில் ஸ்கிரேபியின் இன்னொரு வகையைக் கண்டுபிடித்தார்கள். அது ஏ.ஆர்.ஆர். ஆடுகளுக்கும் வந்திருக்கிறது. ஆகவே 'நல்ல ஜீன்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழித்துவிட்டால், நாளைக்கு வேறொரு நோய் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. நம் மேச்சேரி ஆட்டையும் கோயம்புத்தூர் ஆட்டையும் கறி எடையை மட்டும் பார்த்துக் கைவிடக் கூடாது என்பது இதனால்தான்.

பெட்டிச் செய்தி: சொறியா, ஸ்கிரேபியா?

சொறி: எந்த வயதிலும் வரும். தோலில் பொருக்கு தட்டும். சில வாரத்தில் பல ஆட்டுக்குப் பரவும். ஊசி மருந்தில் குணமாகும்.
ஸ்கிரேபி: பெரும்பாலும் 2 முதல் 5 வயது ஆட்டுக்கு வரும். அரிப்போடு நடுக்கம், நடையில் தள்ளாட்டம், மெலிவு சேரும். குணமாகாது. மூளையைச் சோதித்தே உறுதி செய்வார்கள்.
எதுவானாலும் முதலில் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். வகுப்பில் சொல்லாதீர்கள் (என்னைப் போல!).

முடிவாக, நண்பர்களே, ஒரு எழுத்து மாறினால் ஒரு ஆடு பிழைக்கலாம் என்று ஜீனில் படித்தேன். ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் ஏழு ஆடு விற்காது என்பதைச் சந்தையில் படித்தேன். அந்த ஏழு ஆட்டையும் அப்புச்சி போன மாதம் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டித்தான் விற்றார். அக்காவின் பீஸ் ஒரு மாதம் தாமதமாக, அபராதத்தோடு கட்டினோம். அபராதத் தொகையை என் உண்டியலில் இருந்து கொடுத்தேன்.

சிந்திக்க மூன்று கேள்விகள்
1. இரண்டு பிரதியும் ஏ.ஆர்.ஆர். உள்ள கிடாய், இரண்டு பிரதியும் ஏ.ஆர்.க்யூ. உள்ள பெட்டை. குட்டிகள் எப்படி இருக்கும்? கட்டம் போட்டுக் காட்டுக.
2. நோய் மெதுவாக வரும் மானால் கூட்டத்துக்கு என்ன ஆபத்து?
3. நார்வே செய்தது சரியா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

விடைகளை ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்பு குறிப்பிட்டு, சுவரிதழ் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடவும். மூன்றாவது கேள்விக்கு ஒரே விடை கிடையாது.

– 11-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு